பாட்டனார் விட்டுச்சென்ற சுழல்துப்பாக்கி

பாட்டன் சொத்து என்றால் நம்மவர்க்கு நிலமும் நகையுமே நினைவுக்கு வரும். எங்கள் குடும்பத்திற்கு வாய்த்ததோ ஒரு சுழல்துப்பாக்கி. பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணியாராக இருந்த என் பாட்டனாரிடமிருந்து லைசென்சுடன் பெரியப்பா கைக்கு வந்து, அவருடைய இரும்புப் பெட்டியில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. பெரியப்பா காலமானதும் அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் பொறுப்பு என்னைச் சார்ந்தது. அங்கே அதிகாரி சுழலுருளையைத் திறந்து, ஆறு அறைகளும் வெறுமை என்று காட்டிய பின்னரே என்னைத் தொடவிட்டார். அவர் இசைவு பெற்று, அவ்விரும்பில் பொறித்திருந்த எழுத்தும் எண்ணும் அத்தனையும் ஓர் ஏட்டில் எழுதிக்கொண்டேன்.

எழுதிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பாகப்பிரிவினையில், “அது 1906-ஆம் ஆண்டுத் துப்பாக்கி, வெளிநாட்டில் இலட்சக்கணக்கில் விலைபோகும்” என்று என் சிற்றப்பா மகன் வாதாடிக் கொண்டிருந்தான். பெரியப்பா சொல்லிவந்த வரலாறோ இன்னும் பெரிது. ஜப்பானியர் வருமுன் வெள்ளைக்காரத் துரை தப்பியோடுகையில் அதைப் பாட்டனாரிடம் கொடுத்தாராம். பாட்டனார் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி ரப்பர் மரத்தடியில் புதைத்து வைத்து, மூன்றரை ஆண்டும் எவருக்கும் காட்டிக்கொடுக்காமல் காத்தாராம். இக்கதையைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

குழலின் மேற்புறத்தில் 1906 பிப்ரவரி 6, 1909 செப்டம்பர் 14, 1914 டிசம்பர் 29 என்னும் மூன்று நாட்கள் உண்மையாகவே பொறித்திருந்தன. ஆயின் அவை துப்பாக்கி பிறந்த நாட்களல்ல. அதன் உறுப்புகளுக்குக் காப்புரிமை பெற்ற நாட்கள். ஒரே துப்பாக்கி மூன்று முறை பிறக்குமா? பழம்பொருள் வைத்திருப்போர் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே.

பிறந்த காலத்தைச் சொல்வது கைப்பிடியின் அடிப்புறத்தில் உள்ள எண். அதன் முன்னே ‘வி’ என்னும் ஆங்கில எழுத்து நின்றது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் உள்ள சுமித் அண்டு வெஸ்ஸன் தொழிற்சாலையின் துப்பாக்கி எண்கள் 1942-இல் பத்து இலட்சத்தை எட்டவே, புதிதாக எண்ணத் தொடங்கி, வெற்றியைக் குறிக்கும் ‘விக்டரி’ என்னும் சொல்லின் முதலெழுத்தை முன்னே சேர்த்தார்கள். பின்னர், தவறிக் கீழே விழுந்த இவ்வகைத் துப்பாக்கி ஒன்று வெடித்து அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் மாண்டார். அதனால் சுத்தியலைத் தடுக்கும் உறுப்பை மாற்றியமைத்து, புதியவற்றின் எண்ணோடு ‘எஸ்’ என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். எங்களுடையதில் ‘எஸ்’ இல்லை. ஆகவே அது 1942-க்கும் 1944-இன் இறுதிக்கும் இடைப்பட்டது. ஐந்து அங்குலக் குழல், கைப்பிடியின் அடியில் கயிறு கோக்கும் வளையம், வரிகள் வெட்டாத மழமழப்பான வாதுமை மரப் பிடி ஆகிய எல்லாம் பிரிட்டிஷ் படைக்கென அனுப்பிய வகைக்கே பொருந்தின.

இனி அன்பர்களே எண்ணிப் பாருங்கள். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. ‘வி’ எழுத்துத் துப்பாக்கி உலகில் தோன்றுவதற்கு முன்னரே துரைமார் மலாயாவை விட்டு ஓடிவிட்டனர். இல்லாத பொருளை எப்படிக் கொடுப்பது? எதைப் புதைப்பது? பெட்டியின் அடியிலிருந்த பழைய லைசென்சுப் புத்தகம் ஐயத்தை அறவே தீர்த்தது. அதே எண், பாட்டனார் பெயர், ஆண்டு 1948.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், இரண்டு நாளில் நாடெங்கும் அவசரகாலம் பிறந்ததும் யாவரும் அறிந்தவை. துப்பாக்கி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். இதைக் கேட்ட பெரியம்மா, “அப்படியானால் மாமா பொய்யா சொன்னார்?” என்று கண் கலங்கினார். பாட்டனார் வாயால் அக்கதையைக் கேட்டவர் எவருமில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் அதிகம் பேசாதவர். பேசாதவருக்காகப் பிறர் பேசிவிடுவது நம் குடும்பங்களின் வழக்கம்.

அத்தோட்டத்தில் பால்வெட்டிய மூதாட்டி ஒருவர் இன்னும் இருக்கிறார், அப்போது சிறுமி. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன். “சம்பள நாளிலே கிராணி ஐயா மூஞ்சியை யார் பாத்தா? இடுப்பைப் பாத்துத்தான் எங்கப்பா பேசுவாரு” என்றார். ஜப்பானியரை எதிர்த்துக் காத்த ஆயுதம் என்று நாங்கள் பெருமை பேசியதை லயத்து மக்கள் அறிந்திருந்த விதம் இது. பாட்டனார் கொடியவர் அல்லர். அக்காலத்தில் கிராணிமாருக்கும் உயிரச்சம் இருந்தது மெய். ஆயினும் இடுப்பில் தொங்கிய அப்பொருள், எதிரே நின்ற கூலிக்காரனிடம் பேசாமல் பேசியது.

மற்றொரு தமிழரிடமும் ஒரு ரிவால்வர் இருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ரவாங்கை அடுத்த தோட்டப்பகுதியில் ஒரு ரிவால்வரும் ஆறு ரவைகளும் வைத்திருந்ததாகப் பிடிபட்டார். போலீசில் ஒப்படைக்கவே கொண்டுசென்றேன் என்பது அவர் தரப்பு வாதம். 1949 மார்ச்சு 15-இல் தீர்ப்பு. மே 4-இல் புடு சிறையில் தூக்கு. என் பாட்டனாருக்கும் அவருக்கும் இடையே சட்டத்தின் கண்ணில் இருந்த வேறுபாடு ஒரு சிறு புத்தகமே. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை எண்ணியபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

விலைக்கு வருவோம். இவ்வகைத் துப்பாக்கிகள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை; ஆகவே அருமையானவை அல்ல. அமெரிக்கச் சந்தையிலும் நல்ல நிலையில் உள்ளதற்குச் சில நூறு டாலரே கிடைக்கும். எண் கைப்பிடியில் மட்டுமின்றிச் சுழலுருளையின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் ஒத்திருக்க வேண்டும், எங்களுடையதில் ஒத்திருந்தது. போருக்குப் பின் வேறு நீள ரவைக்காக அறைகளைத் துளைத்துப் பெரிதாக்கிய துப்பாக்கிகள் உண்டு. அவற்றுக்கு மதிப்பும் குறைவு, ஆபத்தும் மிகுதி. எங்களுடையது அதற்கும் தப்பியது. மங்கலான போர்க்காலப் பூச்சு அப்படியே இருத்தல் வேண்டும். மெருகேற்றிப் பளபளக்கச் செய்தவன் தன் பணத்தைத் தானே தேய்த்தவன். இங்கேதான் நம் பக்தி குறுக்கிட்டது. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று பெரியப்பா அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமமிட்டு விடியும்வரை வைத்திருப்பார். அந்த ஈரம் பட்ட இடமெல்லாம் அம்மைத் தழும்புபோல் துரு தின்றிருந்தது! இரும்புக்கு வேண்டியது எண்ணெய்த் துணியே, பொட்டன்று.

அன்றியும், லைசென்சு பெற்றவரன்றி வேறெவரும் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாத இந்நாட்டில் சந்தை விலை என்று எதைச் சொல்வது? 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு 14 ஆண்டுவரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. இதை எடுத்துரைத்த பிறகே சிற்றப்பா மகன் பாகப்பட்டியலிலிருந்து அந்த வரியை அடித்தான்.

துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கிறது. லைசென்சுப் புத்தகம் என்னிடம். அதற்கு எவரும் பங்கு கேட்கவில்லை. எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, கட்டணமும் செலுத்தினால், எந்த நாளில் தொழிற்சாலையை விட்டுச் சென்றது என்று அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் வரலாற்று அறக்கட்டளையார் ஏடு பார்த்துச் சொல்வார்கள். “விற்க முடியாத பொருளுக்கு வெள்ளி செலவழிப்பானேன்?” என்கிறான் சிற்றப்பா மகன். பெரியம்மாதான் கட்டணத்தைக் கொடுத்தார். கடிதம் சென்ற வாரம் போயிற்று.