அலைவரிசை

நண்பர் இருவர் கருத்தொருமித்து உரையாடினால், ‘அவர்கள் ஒரே அலைவரிசையில் இருப்பவர்கள்’ என்று சொல்வது இன்று இயல்பாகிவிட்டது. ஒத்துப்போகாத உறவினரைப் பற்றியும், ‘அலைவரிசை ஒத்துவரவில்லை’ என்கின்றனர். இவ்வாறு சொல்வோருள் பலர் இயற்பியல் கற்றவரல்லர். ஆய்வகத்தில் பிறந்த கருத்து திண்ணைப் பேச்சுக்கு வந்து சேர்ந்த வழி சுவையானது.

ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை உள்ள தொலைவு அலைநீளம். ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை அதிர்வெண். 300 மீட்டர் அலைநீளமுள்ள வானொலி அலை நொடிக்கு 10 இலட்சம் முறை அதிர்கிறது. இவ்விரு சொற்களும் துல்லியமானவை. ஆயினும், பேச்சுவழக்கு இரண்டையுமே விரும்பவில்லை. ‘நாங்கள் ஒரே அதிர்வெண்ணில் இருக்கிறோம்’ என்று எவரேனும் சொன்னால் கேட்பவர் நகைப்பர்! மக்கள் எடுத்துக்கொண்டது, வானொலிப் பெட்டியின் வழியே காதில் விழுந்த அலைவரிசை என்னும் சொல்லைத்தான்.

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. பின்னர் டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவியபோது, சிற்றலையும் மத்திய அலையும் சிற்றூர்வரை அறிமுகமாயின. இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைக் கடலுக்கு இப்பால் இருந்து கேட்டவர்கள் குமிழைத் திருகும் பொறுமையை நன்கறிவர். குமிழ் நூலிழை நகர்ந்தாலும் பாட்டு மறைந்து இரைச்சல் எழும். பெட்டியினுள் இருக்கும் மின்சுற்றின் இயல்பான அதிர்வெண், வரும் அலையின் அதிர்வெண்ணோடு பொருந்தும்போதுதான் குரல் தெளிகிறது. இயற்பியல் இதனை ஒத்ததிர்வு என்கிறது. கேட்பவர் தம்மைச் சொல்பவருக்கேற்பத் திருத்திக்கொள்ளும் இந்த அனுபவமே உவமையாயிற்று.

ஆனால், உவமையில் பாதிதான் வழக்குக்கு வந்தது. அருகருகே உள்ள இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினால் இரண்டும் குழம்பிப்போகும். அதனால்தான் நிலையங்களுக்கு வெவ்வேறு அலைவரிசைகள் ஒதுக்கப்படுகின்றன. ஒரே அலைவரிசையில் ஒருவர் பேச, மற்றவர் கேட்கலாம். இருவரும் பேசினால் இரைச்சலே மிஞ்சும். பேச்சுவழக்கு இதைக் கண்டுகொள்வதில்லை. அதைக் குறையென்று சொல்லவும் இயலாது. பொற்கொல்லர் பொன்னின் மாற்றறிய உரைத்த கட்டளைக்கல்லை வள்ளுவர் மனிதரின் செயலுக்குச் சொன்னபோது, கல்லின் பிற இயல்புகள் அங்குத் தேவைப்படவில்லை.

எனினும், விட்டுப்போன பாதி சில இடங்களில் உறுத்துகிறது. வினையூக்கி என்பது அத்தகைய சொல். பெர்சீலியஸ் என்னும் சுவீடன் நாட்டு வேதியியலாளர் 1835இல் வினையூக்கத்துக்குப் பெயரிட்டார். வினையூக்கி வினையை விரைவுபடுத்தும். வினையின் முடிவில் தான் செலவாகாமல் எஞ்சும். இந்த இரண்டாம் பண்பு இல்லையேல் அது வினையூக்கியே அன்று. மேடைப்பேச்சிலோ, ஒரு போராட்டத்தில் உயிரையே கொடுத்தவரும் ‘மாற்றத்தின் வினையூக்கி’ ஆகிவிடுகிறார். சொல் கம்பீரமாகத்தான் ஒலிக்கிறது. அவர் இழந்தது அதில் காணப்படவில்லை. அவரைக் குறிக்கத் தமிழில் வித்து என்னும் பழஞ்சொல் இருக்கிறது. முளைவிடும்போது வித்து தன் வடிவத்தை இழந்துவிடுகிறது.