முன்பாரமும் பின்பாரமும்



"சார், அமெரிக்காவில் பொழுது எப்படிப் போகிறது?" என்று பலர் கேட்கிறீர்கள். டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் ஒரு பிக்கப் டிரக்குக்கு அளவெடுத்ததில் பொழுது போயிற்று. இங்கே அப்படி வண்டி வைத்திருப்பவர்கள் உங்களில் சிலர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை தன் டிரக்கை 6 அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் போட்டிருக்கிறார். பார்க்க யானை மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை கேம்பர் டிரெய்லரை அதில் மாட்டி, குழந்தைகளோடு டெக்ஸோமா ஏரிக்குப் போக ஏற்பாடு. வெள்ளி மாலை மாட்டிப் பார்த்தால், டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது! வண்டியோடு சேர்ந்து கொக்கியும் உயர்ந்துவிட்டது.

"பெரிய வண்டி மாமா, எதையும் இழுத்துவிடும்" என்றார் மாப்பிள்ளை. உயரம் கூடினால் இழுவைத் திறன் கூடாது. ஈர்ப்பு மையம்தான் மேலே போகும். ஆனால் மாப்பிள்ளைக்கு நேரடியாகப் பாடம் எடுக்க முடியுமா? அவர் காதில் விழும்படி பேரனுக்கு எடுத்தேன்.

"நம் ஊர் மாட்டுவண்டியில் மூட்டைகளைப் பின்னால் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். ரொம்ப முன்னால் ஏற்றினால் கழுத்தை அழுத்தும். அதனால் வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரம் வைத்துத்தான் ஓட்டுவார். டிரெய்லரும் அப்படித்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் குண்டில் இறங்க வேண்டும். 4000 பவுண்டு என்றால் 400 முதல் 600. மூக்கு தூக்கினால் பாரம் பின்னால் சாயும். வேகமாகப் போகும்போது டிரெய்லர் வாலாட்டும். முன்னால் போகும் டிரக்கையும் சேர்த்து ஆட்டும்."

பிறகு டேப்பை எடுத்தோம். சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, ரசமட்டம் வைத்து மட்டமாக்கினோம். தரையிலிருந்து அதன் கப்ளரின் அடிப்பகுதி வரை 18 அங்குலம். டிரக்கின் பின்னால் உள்ள சதுரக் குழாயின் உட்புற மேல்விளிம்பு வரை 26. கழித்தால் 8. அந்த அளவு கீழிறங்கும் கொக்கித் தண்டுதான் வேண்டும்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். தண்டு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நெம்புவிசை குழாயில் விழும். ஆகவே தண்டில் பொறித்திருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். வண்டி, குழாய், தண்டு, குண்டு, கப்ளர் எல்லாவற்றிலும் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு. அடுத்து, பாரம் இறங்கியதும் டிரக்கின் பின்புறம் சற்றுத் தாழும். சாமான்களை ஏற்றி மாட்டிய பிறகு மறுபடி ரசமட்டம் வையுங்கள். டிரெய்லர் மட்டமாகவோ, மூக்கு ஒரு நூல் தாழ்ந்தோ இருக்கலாம். தூக்கி இருக்கக் கூடாது.

சனிக்கிழமை மாப்பிள்ளை கடைக்குப் போய்ச் சரியான தண்டு வாங்கி வந்தார். பயணம் ஒரு நாள் தள்ளிப்போனதில் பேத்திக்கு என்மேல் கோபம். பின்சீட்டில் உட்காரப்போவது அவள்தான் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் அப்பாவிடம் சொன்னேன். ஞாயிறு காலை கிளம்பினோம். வழியெல்லாம் டிரெய்லர் பசு மாதிரி பின்னால் வந்தது.

சரி, வீட்டுப்பாடம். குழாய் 25 அங்குலம், கப்ளர் 17½ அங்குலம். தண்டு எவ்வளவு இறங்க வேண்டும்? விடையைக் கமெண்டில் எழுதுங்கள். டிரக் வைத்திருப்பவர்கள் சொந்த வண்டியை அளந்து எழுதுங்கள்; திருத்தித் தருகிறேன்.