நான் போட்ட கையெழுத்து

பள்ளிக்கூடத்திலிருந்து பிராக்ரஸ் ரிப்போர்ட் வருகிற தினத்தில் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. நான்காம் வகுப்பில் வாசிக்கும் என் குமாரனுக்குக் கணக்கில் மூன்று மாதமாக 42, 40, 41. பக்கத்தில் சிவப்பு மசியில், "இன்னும் கவனம் தேவை." யாருடைய கவனம் என்று எழுதவில்லை, ஆகையால் பையனுடையதுதான் என்று நான் தீர்மானித்துவிட்டேன். வந்த விருந்தாளிகள் முன்னிலையில் அவனைச் சோம்பேறி என்றும் சொன்னேன். கையெழுத்தை மட்டும் ஒரு மாதமும் தவறாமல் போட்டேன்.

"மார்க்கைப் பார்க்கிறீர்களே, கணக்கைப் பார்த்தீர்களா?" என்று என் சகதர்மிணி ஒரு நாள் கேட்டாள்.

நோட்டுப் புத்தகம் தலையணைக்கு அடியிலிருந்து வந்தது. 52-இல் 27 போக 35 என்று போட்டிருந்தான். 81-இல் 46 போக 45. 90-இல் 54 போக 44. ஆனால் 78-இல் 35 போக 43 என்பது சரி! "எப்படியப்பா போட்டாய்?" என்று அதட்டாமல் கேட்டேன்.

"2-இல் 7 போகாதே, அப்பா. அதனால் 7-இல் 2-ஐக் கழித்தேன்."

பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கவேண்டும் என்று முன்பு கற்றதை அணுவளவும் பிசகாமல் அனுசரித்திருக்கிறான்! இவனா சோம்பேறி?

குழந்தைகள் கழித்தலில் செய்யும் பிழைகள் பல, கவனக் குறைவால் வருவன அல்ல; ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருவன என்று 1978-இல் ஜான் ஸீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். நம் தேசத்தில் 2005-இல் 'பிரதம்' ஸ்தாபனத்தார் ஆரம்பித்த 'ஏசர்' கணக்கெடுப்பில், கிராமங்களில் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு குழந்தையாக உட்காரவைத்து, கடன் வாங்கும் இந்தக் கழித்தலையே போடச் சொல்லிப் பார்க்கிறார்கள். வகுப்பு நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் உபாத்தியாயருக்கு அவ்வளவு அவகாசம் ஏது? எனக்கு இருந்தது ஒரே நோட்டு.

தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. 7 குச்சி கேட்டேன். வெகு நேரம் விழித்தான். பிறகு, "ஒரு கட்டை அவிழ்க்கலாமா?" என்றான். அவிழ்த்தான், கொடுத்தான், இன்னும் இரண்டு கட்டையும் கொடுத்தான். மிச்சத்தை எண்ணிவிட்டு, "25! அவிழ்க்கலாம் என்று ஏன் அப்பா முன்னமேயே சொல்லவில்லை?" என்று கேட்டான். நான் சிந்திக் கிடந்த குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

இந்த மாதம் 51. கையெழுத்துப் போடுமுன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 816-ஐ 4-ஆல் வகுத்து 24 என்று எழுதியிருக்கிறான். நடுவிலுள்ள பூஜ்யத்தை எங்கே விட்டான் என்று இன்று ராத்திரி விசாரிக்கவேண்டும்.