தறிக்குப் போக மீதிதான் வீடு

ஆரணியின் நெசவாளர் தெருக்களில் மனை குறுகுவதற்குக் காரணம் பாகப்பிரிவினை. 26 அடி முகப்புள்ள வீட்டை அண்ணன் தம்பி இருவர் பிரிக்கும்போது ஒருவர் முன்பாகம், ஒருவர் பின்பாகம் என்று எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கமாட்டார்கள். நெட்டுக்குப் பிளந்து ஆளுக்கு 13 அடி வைத்துக்கொள்வார்கள். நெசவாளிக்குத் தெருவாசல் வேண்டும். மூன்று சேலைக்கான பாவு, அதாவது நெடுக்கு இழை, 18, 20 மீட்டர் நீளும். அதை வெயில் ஏறுமுன் நீட்டிக் கட்டித் தயார்செய்யத் தெருவைவிட்டால் இடமில்லை. அதனால் நீளம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிறது.

இப்படிப்பட்ட மனைகளுக்குப் பிளான் போடுவதுதான் என் பிழைப்பு. பொதுவாக இங்கே நடப்பது இது: 60 அடி நீளத்தைக் குறுக்கே நாலாக வெட்டி ஹால், பெட்ரூம், கிச்சன், பாத்ரூம் என்று ரயில் பெட்டிபோல் கோத்துவிடுவார்கள். பத்திரத்தில் உள்ள ஒரு சதுர அடிகூட வீணாகாது. ஆனால் இருபக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் நடு அறைகளில் நண்பகலிலும் விளக்கு எரியும்.

சமீபத்தில் வந்த மனை 13க்கு 60. கிழக்குப் பார்த்த வாசல். இருபக்கச் சுவரும் முக்கால் அடி போனால் உள்ளே நிற்பது பதினொன்றரை அடி. கணவன், மனைவி, படிக்கிற இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். வீட்டுக்காரர் போனில் ஒரு பிளானைக் காட்டினார்.

“தறியை மேல ஏத்திடலாம் சார். கீழ ஹாலு, அட்டாச்சோட ஒரு பெட்ரூமு.”

திண்ணையில் ஊடைநூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த தாயார் தலை நிமிராமல் கேட்டார்: “குழிய எங்க தம்பி தோண்டுவ, மாடியிலயா?”

சட்டத்தறி போட்டு மாடியில் நெய்பவர்கள் உண்டு. ஆனால் மாடிச் சூட்டில் பட்டு இழை வறண்டு அறுகிறது என்பது குழித்தறியில் உட்கார்ந்து பழகியவர்களின் புகார். காலைக் குழிக்குள் இறக்கித் தரையோடு தரையாக உட்காரும் குழித்தறியில் மண்ணின் ஈரம் பாவைக் காக்கிறது. தறி கீழேதான் என்று முடிவானது. என் வேலையில் முதல் விதி இதுதான்: அசையாததை முதலில் வை. மனை குறுகக் குறுக இந்த விதி கடுமையாகும்.

தறிக்கு எவ்வளவு வேண்டும்? 48 அங்குலச் சேலைக்குத் தறிக்கால்கள் வெளிக்கு வெளி ஆறடி. கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைக் கரை என்றால் கரை நாடாவைப் போட்டுக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் உட்காரவேண்டும், அதற்கு இரண்டடி. மீதி மூன்றரை அடி நடைபாதை. பதினொன்றரை அடி சரியாகத் தீர்ந்துவிட்டது. தறியை மனையின் நீளவாக்கில் போட்டால்தான் இந்தக் கணக்கு. குறுக்கே போட்டால் வீடே அங்கே அடைபட்டுப்போகும்.

அடுத்தது உயரம். தறிமேல் சேலையின் டிசைனை எடுக்கும் ஜக்கார்டு பெட்டி ஏறி, அதற்கும் மேலே அட்டை மாட்ட ஆள் எட்டவேண்டும். தறிக்கூடத்துக்கு 11 அடி வைத்தேன். ஜக்கார்டு பிறந்த ஊரான பிரான்சின் லியோனில், குருவா ரூஸ் மேட்டில் பட்டு நெசவாளர்களுக்காகக் கட்டிய வீடுகளில் கூரை 4 மீட்டர் உயரம். அங்கேயும் இயந்திரம்தான் கூரையைத் தூக்கியது. பின்பக்க அறைகளுக்கு ஒன்பதரை அடி போதும். அந்த ஒன்றரை அடியில் செங்கல் மிச்சம், படிக்கட்டும் குட்டை.

குழியின் ஆழம் இரண்டரை அடி. மழைக்காலத்தில் ஊற்றெடுக்கும் குழிகளை இந்த ஊரில் நிறையப் பார்க்கலாம். பேஸ்மட்டத்தைத் தெருவிலிருந்து 3 அடி உயர்த்தினால் குழியின் அடி தெருமட்டத்துக்கு மேலேயே நிற்கும். தாயாரின் முழங்காலை நினைத்து வாசற்படிகளைத் தாழ்வாக, ஆறாக, திண்ணையோரம் பக்கவாட்டில் வைத்து ஒரு கைப்பிடியும் போட்டோம்.

வெளிச்சம்தான் இந்தப் பிளானின் கஷ்டமான பகுதி. நெய்பவர் தெருவுக்கு முதுகு காட்டி, தறிக்கூடத்துக்கு அடுத்து வரும் முற்றத்தைப் பார்த்து உட்காருகிறார். முதுகுப் பக்க ஜன்னல் வெளிச்சம் அவர் நிழலையே சேலைமேல் போடும். எதிரே முற்றத்து வெளிச்சத்தை இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதும் ஜக்கார்டு கயிறுகளும் மறிக்கும். அதனால் நெய்த சேலை சுருளும் படைமரத்துக்கு நேர் மேலே கூரையில் 4க்கு 2 அடி திறப்பு வைத்து, சுற்றி ஓரடிச் சுவர் எழுப்பி, மேலே மூடி, வடக்கில் மட்டும் கண்ணாடி போட்டோம்.

வடக்குக் கண்ணாடியில் வெயிலே விழாது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஐரோப்பாவின் உச்சி வெயிலுக்கு அது சரி. ஆரணி ஏறத்தாழ 12.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பாதியிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும். அந்த நாலு மாத வெயில் நேரே விழுந்தால் சாயம் வெளுக்கும். உச்சி வெயில் மிகச் செங்குத்தாக இறங்குவதால் அதற்கு அரையடி சன்ஷேடு போதும். காலை, மாலைச் சாய்வெயிலுக்குக் கண்ணாடியின் இருபக்கமும் நிற்கும் சிறு தடுப்புகள். தறிக்கூடத்தின்மேல் மாடி வரக்கூடாது என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. மாடி அறைகள் பின்பாதியில் மட்டும்.

தறிக்கூடத்தை அடுத்து 8 அடி நீளத்துக்கு முற்றம். “இவ்வளவு சின்ன வீட்டுல வானத்துக்கு எதுக்கு சார் இடம்?” என்றார் வீட்டுக்காரர். 1960களின் தொடக்கத்தில் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா அகமதாபாத்தில் கட்டிய ‘குழாய் வீடு’ 12 அடி அகலம்தான். அதற்குள்ளும் ஒரு முற்றம் வைத்தார். சூடான காற்று சாய்கூரையோடு ஏறி உச்சித் திறப்பு வழியே வெளியேறும். அந்த வீட்டை 1995இல் இடித்துவிட்டார்கள், ஆனால் குறுகிய மனைக்கு அதன் பாடம் இன்றும் செல்லும். நம் முற்றம் இன்னும் இரண்டு வேலை செய்கிறது. தறிச்சத்தத்தைப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்குப் போகாமல் கொஞ்சம் மேலே விடுகிறது. அடுக்களையைத் தறிக்குப் பக்கத்திலேயே வைக்க உதவுகிறது. கோர்வைக்குக் கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டியவர் பெரும்பாலும் அடுப்படியில்தான் நிற்கிறார். முற்றத்தைக் கடந்தால் எட்டே அடி.

படிக்கட்டை நான் எப்போதும் ஒரே நேர்வரிசையாகச் சுவரோரம் படுக்கவைப்பேன். திருப்பி ஏற்றினால் அகலத்தில் பாதியைக் கேட்கும். இங்கே முற்றத்தோரம் தொடங்கி அடுக்களைச் சுவரோடு ஏறுகிறது. 3 அடி அகலம், 17 படி. அடியில் அரிசி மூட்டையும் பாவு மூட்டையும். அடுக்களைக்கு 8 அடி அகலம் மிஞ்சியது. பின்னால் தாயார் அறை, அதையொட்டிக் கழிப்பறை, கடைசியில் 3 அடி திறந்தவெளி.

செப்டிக் டேங்கைப் பின்னால் வைக்கக்கூடாது. உறிஞ்ச வரும் லாரிக்குத் தெருவைத் தவிர வழியில்லை. டேங்க் வாசலில், கழிப்பறை பின்னால் என்றால் வீட்டின் அடியில் குழாய் 50 அடி ஓடவேண்டும். 60க்கு ஒன்று சரிவில் 10 அங்குலம் இறங்கும். பேஸ்மட்டம் உயர்ந்திருப்பது இங்கேயும் கைகொடுத்தது. அடைத்தால் திறக்க முற்றத்தில் ஒரு சேம்பர்.

பிள்ளைகள் தறியில் உட்காருவார்களா என்பது யாருக்கும் தெரியாது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் வீடுகளிலும் இதுதான் பேச்சு. அதனால் குழியின் விளிம்பில் ஓர் அங்குல இறக்கம் விட்டிருக்கிறேன். நாளை தறி எடுக்கப்பட்டால் கடப்பாக் கல்லைப் போட்டுத் தரையோடு மூடிக்கொள்ளலாம். 11 அடி உயரக் கூடம் கடையாகும், கூரை வெளிச்சத்தோடு.

அட்டாச் பெட்ரூம் மாடிக்குப் போனது, வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். குறுகிய மனையில் வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அறைகளின் பட்டியலோடு இன்ஜினியரிடம் போகாதீர்கள். அந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்வார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். பிளானைத் தந்ததும் கையெழுத்துப் போட்டுவிடாமல் நெடுக்குவெட்டுப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். குறுகிய வீட்டில் வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வருகின்றன என்பதை அந்தப் படம்தான் காட்டும்.