பாலீஷ் போட்ட ரிவால்வருக்கு என்ன விலை?

பழைய காருக்குப் புது பெயின்ட் அடித்தால் விலை கூடும். பழைய வீட்டுக்கு வெள்ளையடித்தால் வாடகை கூடும். பழைய ரிவால்வருக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அமெரிக்காவில் பழைய துப்பாக்கி கைமாறும் சந்தையில், காசு செலவழித்துப் பளபளப்பாக்கிய ரிவால்வர் பல நேரம் அப்படியே விட்டுவைத்ததைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகும். புதிதாக வாங்கப் போகிறவர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10-ஐ எடுத்துக்கொள்வோம். 1899-ல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் வந்தது. மாடல் 10 என்று எண் கொடுத்தது 1957-ல். அறுபது லட்சத்துக்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள், அதனால் அபூர்வமான பொருள் ஒன்றும் இல்லை. கண்காட்சி மேசையில் ஒன்று கண்ணாடி மாதிரி மின்னுகிறது. விற்பவர் 700 டாலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கு இது: வாங்கியது 450, மறுபடி நீலம் ஏற்றியது 250.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். சொத்தை மேம்படுத்தச் செய்த செலவை அதன் அடக்க விலையோடு சேர்ப்பதுதானே முறை? ஆனால் வாங்குபவருக்கு விற்பவரின் பேரேட்டைப் பற்றி என்ன கவலை? பழைய நகையை விற்கப் போனால் கடைக்காரர் செய்கூலியைத் திருப்பித் தருகிறாரா? அதே கதைதான். இன்னும் மோசம், இங்கே சேதாரமும் உண்டு.

எப்படி என்று கேட்டால், 'புளூயிங்' என்பது பெயின்ட் மாதிரி மேலே பூசும் பூச்சு அல்ல. எஃகின் மேல்தோலையே ரசாயனக் குளியலில் கருநீல ஆக்சைடாக மாற்றுவது. அது மிக மெல்லிய படலம், குழியை நிரப்பாது, கீறலை மறைக்காது. எனவே மறுபடி நீலம் ஏற்றுவதற்கு முன் பழைய துருவையும் கீறலையும் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்க்கும்போது போவது எஃகு. அதோடு கூர்மையான விளிம்புகள் மழுங்கும், கம்பெனி முத்திரையும் எழுத்துகளும் மங்கும், திருகு ஓட்டைகளின் வாய் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். போன எஃகை யாரும் திரும்ப வைக்க முடியாது.

கண்டுபிடிக்கவும் இவையே தடயம். ரிவால்வரின் பக்கவாட்டுத் தகடு சட்டத்தோடு சேரும் கோட்டைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால் அந்தக் கோடு கண்ணுக்கே சரியாகத் தெரியாது, தேய்த்திருந்தால் பளிச்சென்று தெரியும். துருக்குழி இருந்து, குழிக்குள்ளேயும் நீலம் இருந்தால், துரு முதலில் வந்தது, நீலம் பிறகு வந்தது. (துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் கவனிக்கலாம்!) பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஹேமரும் டிரிகரும் தண்ணீரில் எண்ணெய் படர்ந்த மாதிரி பல நிறச் சாயலில் இருக்கும். அவையும் சேர்ந்து நீலமாகவோ நிக்கலாகவோ மின்னினால் பெரும்பாலும் யாரோ கைவைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையே மறுபடி செய்து கொடுத்த சில பழைய துப்பாக்கிகளில் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் குத்தியிருக்கும். அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, ஆனால் முழு மரியாதை கிடையாது.

சேகரிப்பவர்கள் மதிப்பெண் போடுவது விநோதமாக இருக்கும். 'புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்' என்ற விலைப் புத்தகம் துப்பாக்கியின் நிலையைச் சதவீதத்தில் சொல்கிறது. அந்தச் சதவீதம் மிச்சமிருக்கும் அசல் மேற்பூச்சைக் குறிப்பது. ஆக நம் மேசை ரிவால்வர் கண்ணுக்கு நூறு, கணக்கில் சைபர்.

சரி, அப்படியானால் எவ்வளவுதான் கொடுப்பது? ஒரே மாடலுக்கு இரண்டு விலை இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று அலமாரியில் வைத்து ரசிப்பவர் கொடுக்கும் விலை, இன்னொன்று சுட்டுப் பழகுபவர் கொடுக்கும் விலை. மறுபூச்சு முதல் விலையை அழித்துவிடுகிறது, இரண்டாவதைத் தொடுவதில்லை. அசல் பூச்சோடு நல்லது 650-க்கும், தேய்ந்துபோனாலும் நன்றாகச் சுடுவது 400-க்கும் போகிறது என்றால், நம் ரிவால்வரை 400-க்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். அதுவே 1955-ல் வந்த கோல்ட் பைத்தான் என்றால் அடி பலமாக விழும். அதன் பழைய தயாரிப்புகளுக்குப் பெயரே அந்த அசல் நீலப் பளபளப்பால் வந்ததுதான். சாதாரண மாடலில் அசலே மலிவு என்பதால் நஷ்டமும் சின்னது.

சுடுவதற்கான விலை என்று முடிவானபின் பளபளப்பை மறந்துவிட்டு இயக்கத்தைப் பார்க்க வேண்டும். காசு மட்டுமல்ல, கையும் கண்ணும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு முறை. ஒன்றில் தவறினாலும் தோட்டா குழலுக்கு நேராக நிற்காமல் ஓரத்தில் மோதி ஈயம் சிதறலாம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், வெளியே மெருகேற்றியவர் உள்ளே போயிருக்க மாட்டார். பழுது இருந்தால் அதைச் சரிசெய்யும் கூலியை விலையில் கழியுங்கள். வேறு மாநிலத்துக்காரரிடம் வாங்கினால் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் வர வேண்டும் என்று 1968-ம் வருடச் சட்டம் சொல்கிறது, அவருடைய கட்டணத்தையும் கழியுங்கள்.

இப்படிக் கழித்துப் பார்த்தால் 350, ரொம்பப் பிடித்திருந்தால் 375. விற்பவர் அந்த 250 செலவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால், சிரித்துவிட்டு நகரலாம். அறுபது லட்சம் செய்திருக்கிறார்கள், அடுத்த மேசையிலும் ஒன்று இருக்கும்.