"என்னையப் பைத்தியம்னு எழுதிப்போட்டாங்களா?"

என் பேத்தி மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள் என்று முன்பு ஒரு பதிவில் எழுதியிருந்தேன். அது என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்டிருந்தார்கள். எனக்கே வெகுநாள் புரியவில்லை. சம்பந்திக்கு உடம்பு சரியில்லாமல் போனபோதுதான் புரிந்தது.

சம்பந்தி திருப்பூர் பி.என். ரோடு பக்கம் பவர் டேபிள் வைத்திருக்கிறார். பன்னிரண்டு மெஷின். கம்பெனியிலிருந்து வெட்டிய பீஸ் வரும், இவர் தைத்துக் கொடுப்பார். சனிக்கிழமை சம்பளம் போடும்போது நோட்டே பார்க்க மாட்டார். யார் எத்தனை ஷிப்ட், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்பதெல்லாம் மனதில் இருக்கும்.

இருபது வருடமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம். கிட்னி பழுதாகிக்கொண்டே வருகிறது, டயாலிசிஸுக்குத் தயாராகுங்கள் என்று டாக்டர் சொல்லியும், பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஒரு டெய்லருக்கு இரண்டு தடவை சம்பளம் கொடுத்தார். இன்னொருவருக்குக் கொடுக்கவே இல்லை, கொடுத்துவிட்டேன் என்று சண்டை போட்டார். அடுத்த வாரம் பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு. நடுச்சாமத்தில் எழுந்து, "ஓவர்லாக்கை யார் நிறுத்தினது?" என்று சத்தம் போட்டார். ஓயாத விக்கல். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு காக்கை சிறகடிப்பது போல விழுந்து விழுந்து எழுந்தது.

வயசாகிவிட்டது என்றார்கள் சிலர். செய்வினை என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டினார்கள் சிலர். மாப்பிள்ளை செக் புக்கைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் மயக்கநிலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டயாலிசிஸ் தொடங்கியது. நாலைந்து தடவை ஆனதும் மனிதர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார். முதலில் என் பெயர் சொன்னார். பிறகு பஞ்சு விலை கேட்டார். ஆனால் வீட்டில் அவரைப் பார்க்கிற பார்வை மாறவில்லை. செக் புக்கும் திரும்பவில்லை. ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "ஏனுங் சம்பந்தி, நீங்க கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்தவரு. காயிதத்தப் பார்த்துச் சொல்லுங்க. என்னையப் பைத்தியம்னு எழுதிப்போட்டாங்களா?" என்று கேட்டார்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். "நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு" என்று ஒரு வரி. "மனநிலையில் மாற்றம்" என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் என்ன உறவு என்று ஒரு வார்த்தை இல்லை.

பேத்தியிடம் காட்டினேன். அவள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் காகிதங்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுகிறவள். "அப்புச்சி, இந்தப் பேப்பர் எங்ககிட்ட வந்தா, கிட்னிக்கு என் 18.6 போடுவோம். மனசுக் குழப்பத்துக்கு ஆர் 41.82தான் போட முடியும். அது வெறும் அறிகுறி, நோய் இல்ல. ரத்தத்துல கழிவு சேர்ந்து மூளையப் பாதிச்சுதுன்னு டாக்டர் எழுதியிருந்தா ஜி 93.41 வரும். அப்ப அது மூளைக்கு வந்த நோய்னு ஆகும்."

"உனக்குத்தான் தெரிகிறதே, நீயே போடக் கூடாதா?"

"டாக்டர் எழுதாதத நாங்க எழுதக் கூடாது, அப்புச்சி. கேள்விதான் கேக்கலாம். அதுலயும், இந்த நோய்தானேன்னு பதிலை நாமளே ஊட்டிவிடக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் திக்தே எழுதும்போது முசியே சொல்வதும் இதுதான்: காதில் விழுந்ததை எழுது, உன் மனதில் இருப்பதை எழுதாதே. அலுவலகத்தில் கோப்பில் ஒன்று தெளிவில்லை என்றால் நாங்களாக முடிவு செய்ய மாட்டோம், விளக்கம் கோரி மேலே அனுப்புவோம்.

இந்த எண்களின் வேரும் பிரெஞ்சுதான். பாரிஸ் நகரப் புள்ளிவிவரத் துறையின் தலைவராக இருந்த ழாக் பெர்த்தியோன், மரணக் காரணங்களை வகைப்படுத்திய பட்டியலை 1893இல் சிகாகோவில் அளித்தார். அதை முதன்முதலாகத் திருத்த 1900இல் பாரிசில் மாநாடு கூடியது. அது வளர்ந்துதான் இன்றைய ஐ.சி.டி. அமெரிக்காவில் அதன் பத்தாம் பதிப்பின் அடிப்படையிலான எண்கள் 2015 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ரத்தத்தில் கழிவு சேர்வதைக் குறிக்கும் யூரேமியா என்ற சொல்லும், 19ஆம் நூற்றாண்டில் பியோரி என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த "உய்ரேமி"தான்.

சிரித்த கையோடு ஒரு குற்ற உணர்ச்சியும் வந்தது. சில வருடங்கள் நான் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தேன். மரணக் காரணத்துக்கான மருத்துவச் சான்றில் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், எல்லாவற்றுக்கும் அடிப்படையான காரணம் என்று வரிசையாக இடம் உண்டு. பலர் முதல் வரியில் "இதயமும் மூச்சும் நின்றன" என்று எழுதி முடித்துவிடுவார்கள். யார் இறந்தாலும் அவை நிற்கத்தானே செய்யும்? அது காரணம் ஆகாது. தெரிந்தும், விளக்கம் கேட்காமல் எத்தனையோ சான்றுகளைப் பதிந்திருக்கிறேன். ஒரு வரி விட்டுப்போனால் ஒரு குடும்பத்தில் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

பேத்தி சொல்லிக் கொடுத்தபடியே டாக்டரிடம் போய், "இவருடைய மனக்குழப்பத்துக்குக் காரணம் என்ன என்று உங்கள் கருத்தை எழுதித் தர முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கோப்பை வாங்கிப் பார்த்து, முன்பு எப்படி இருந்தார், எந்த நாளில் மாறினார், கை எப்படி ஆடியது என்று விசாரித்தார். பிறகு எழுதினார்: யூரேமியாவால் ஏற்பட்ட மூளைச் செயல்பாட்டுக் கோளாறு, டயாலிசிஸுக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பினார்.

மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் செக் புக் சம்பந்தியின் மேஜையில் இருந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிட்னிக் கோளாறு உள்ளவர் திடீரென்று குழம்பிப் பேசினால் வயசு என்று விட்டுவிடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். எந்த நாளிலிருந்து மாற்றம் என்று குறித்து வையுங்கள். வீட்டுக்கு வரும்போது சம்மரியை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். காரணம் எழுதவில்லை என்றால் மரியாதையாகக் கேளுங்கள்.

சம்பந்தி இப்போதும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். சனிக்கிழமை சம்பளம் அவர் கையால்தான். ஆனால் இப்போது நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்.