தரைப்பலகைக்கு அடியில் ஒரு தொழில் ரகசியம்

"ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை" என்பார்களே, அந்த ஃபோர்செப்ஸ் இடுக்கி 1600 வாக்கில் லண்டனின் சேம்பர்லென் குடும்பத்தில் உருவானது. நூறாண்டுக்கும் மேலாக அவர்கள் அதை யாருக்கும் காட்டவில்லை. பிரசவிக்கும் பெண்ணின் கண்ணைக்கூடக் கட்டிவிடுவார்களாம். அரச குடும்பம்வரை வாடிக்கை.

'எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துட்டா நமக்கு என்ன மதிப்பு?' என்று ஃபைலை மூடிக்கொள்ளும் சீனியரின் அதே கணக்கு. ஆனால் இங்கே விலை கொடுத்தவர்கள், அந்தக் கருவி எட்டாத தாய்மார்கள்.

1813இல் எசெக்ஸில் அக்குடும்பத்தின் பழைய வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் கருவிகள் கிடைத்தன.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1959இல் வால்வோ கார் நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்றுமுனை சீட் பெல்ட்டை வடிவமைத்தார். காப்புரிமை கையில் இருந்தும், மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று நிறுவனம் திறந்துவிட்டது. இன்று போட்டி நிறுவனங்களின் கார்களில் ஏறினாலும் மாட்டிக்கொள்வது அந்தப் பெல்ட்டைத்தான்.